'ஆட்டம்' ட்ரெயில் ரைடு: ஆடுனது குதிரை, அடிபட்டது மச்சான்

பொள்ளாச்சிப் பக்கம் குடும்பத்தோட குதிரைச் சவாரி போலாம்னு இருக்கறவங்க இதை ஒருக்கா படிச்சிருங்க. கடைப் பேரும் ஆள் பேரும் போடல. வக்கீல் வேண்டாம்னுட்டாரு. கமெண்ட்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

புரட்டாசி மாசம், ஆயுத பூஜை லீவு. திருப்பூர்ல கம்பெனியெல்லாம் பூஜை போட்டு மூடியாச்சு. என் சம்சாரம் இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரத்தைக் காட்டுனா. 'ஆட்டம் ட்ரெயில் ரைடு'ன்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ்ல அது இலையுதிர்காலமாம். நான் ஆட்டம் பாட்டம்னுதான் படிச்சேன். கடைசில நான் படிச்சதுதான் சரியாப் போச்சு, அது பின்னால வருது. படத்துல செக்கச்செவேல்னு இலை கொட்டிக் கிடக்கற பாதை, ரெண்டு பக்கமும் மஞ்சள் மரம், நடுவுல நாலு குதிரை. அங்கியே எனக்கு உறைச்சிருக்கணும். புரட்டாசில நம்மூர்ல எந்த மரத்துல சாமி இலை செவக்குது? ஆனைமலை அடிவாரத்துல அப்பத்தான் மழை ஓஞ்சு, பாக்கற பக்கமெல்லாம் பச்சையா இருக்கும்.

ஆனா ஆசை யாரை விட்டுது. சின்ன வயசுல ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு எங்க அப்பாரு கூட்டிட்டுப் போவாரு. காதோட நுனி ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடற மார்வாரிக் குதிரை, கத்தியவார் குதிரை எல்லாம் வரிசையா நிக்கும். மேளத்துக்கு ஏத்த மாதிரி காலைத் தூக்கி ஆட வெப்பாங்க. ஏறிப் பாக்கணும்னு அழுவேன். "அது படைக்கும் பல்லக்குக்கும்டா, நமக்குக் காளை போதும்"பாரு அப்பாரு. அந்தக் குறை முப்பது வருஷமா மனசுல கிடந்துச்சு.

ஆளுக்கு 1,800 ரூபாய். நானு, சம்சாரம், பையன், மச்சான், கம்பெனில கூட வேலை செய்யற நண்பர், காலேஜ் படிக்கற அவரு பொண்ணு, மொத்தம் ஆறு பேருக்கு 10,800. அட்வான்ஸ் 5,000 ஜிபேல போடச் சொன்னாங்க. பணம் போன பேரு வேற, கடைப் பேரு வேற. பில் கேட்டதுக்கு "நேர்ல வாங்கிக்கலாம் சார், நீங்க வாங்க"ன்னாங்க. பழக்கின குதிரை, கூடவே ட்ரெய்னர், ஹெல்மெட், ரெண்டு மணி நேரம் காட்டு வழி, முடிஞ்சதும் பார்பிக்யூ. புரட்டாசிச் சனிக்கிழமைல பார்பிக்யூ! அதை விடுங்க.

காலைல ஆறரைக்கு வரச் சொன்னாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு, பசங்களை அரைத் தூக்கத்துல கார்ல போட்டுட்டு, ஆறு இருபதுக்கு அந்தத் தென்னந்தோப்புல நிக்கறோம். ஒரு நாய் மட்டுந்தான் இருந்துச்சு. குதிரை வந்தது ஒம்பதே முக்காலுக்கு, மினி லாரில. ஏறும்போது பத்தரை.

ஹெல்மெட்டுன்னு குடுத்தது, கட்டடத்துல சித்தாளுங்க போடற மஞ்சள் தொப்பி. தாடைப்பட்டை கிடையாது. பையனுக்கு மட்டும் ஒரு பைக் ஹெல்மெட், தலையை ஆட்டுனா மூக்கு வரைக்கும் இறங்குது. ட்ரெய்னர்னு வந்தது பதினேழு வயசு இருக்கும் ஒரு தம்பி, கூட அவனை விடச் சின்னவன் ஒருத்தன். ஆறு குதிரைக்கு ரெண்டு பேரு. குதிரை வாலைப் பாத்தேன், நுனில ரோஸ் கலர். "என்ன தம்பி, ஹோலியா?"ன்னேன். அவன் சிரிச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டான்.

ஏறறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க. எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லையாம். வெயில் ஏறிட்டிருந்துச்சு, பையன் கையைப் பிடிச்சு இழுக்கறான். போட்டுட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, மொத இருவது நிமிஷம் சொர்க்கம். காடு இல்ல, வெறும் இட்டேரிதான். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, அதுல பிரண்டை படர்ந்து கிடக்கு. நடந்து போனா வேலிக்கு அந்தப் பக்கம் தெரியாது. குதிரை மேல உக்காந்தா எட்டிப் பாக்கலாம்: ஒரு தோட்டத்துல தட்டைப்பயிறு, அடுத்ததுல கட்டுத்தரைல மாடு அசை போடுது, அதுக்கும் மேல மழைல கழுவி விட்ட மாதிரி ஆனைமலை. பையன், "அப்பா, நம்ம ஊரு இப்படியா இருக்கு?"ன்னான். என் சம்சாரம் பேசவே இல்ல. அவ பேசாம இருக்கறதே அபூர்வம்.

அப்பறம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரைக்கு வந்தோம். "காடு எப்பப்பா வரும்?"னு நண்பர் கேட்டாரு. "காட்டுக்குள்ள விட மாட்டாங்கண்ணா, ஃபாரஸ்ட்டுக்காரங்க புடிச்சுருவாங்க"ன்னான் தம்பி. அவன் சொன்னது சரிதான். அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போனா கேஸ். அப்ப எதுக்குக் காட்டு வழின்னு காசு வாங்குனீங்க?

இதைக் கேட்டு முடிக்கல, மச்சானோட போன் அடிச்சுது. மச்சானுக்குப் பல்லடத்துல தறி. தறிச் சத்தத்துல கேக்கணும்னு ரிங்டோனை ஃபுல் வால்யூம்ல வெச்சிருப்பான். ரிங்டோன் என்னன்னா ஜமாப் மேளம். நோம்பி சாட்டுனா ஊரே அதிரும் பாருங்க, அந்த அடி.

குதிரை நின்னுது. காதை முன்னால வெச்சுது. மொதல்ல வலது முன்னங்காலைத் தூக்குச்சு, அப்பறம் இடது கால். தாளம் தப்பாம ஆட ஆரம்பிச்சிருச்சு. எங்களுக்கு ஒரே சிரிப்பு, நண்பர் பொண்ணு வீடியோவே எடுக்குது. தம்பி மட்டும் மூஞ்சி வெளிறி ஓடி வரான்: "அண்ணா, போனை ஆஃப் பண்ணுங்கண்ணா! இது கல்யாணத்துக்குப் போற குதிரைங்கண்ணா!"

மச்சான் பாக்கெட்டுல கையை விட்டான். குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்குச்சு. சேணம் அப்படியே பக்கவாட்டுல சுத்திருச்சு. மச்சான் கையை ஊனி விழுந்தான். கால் அங்கவடில, அதான் சேணத்துல கால் வெக்கற வளையத்துல, மாட்டாம செருப்போட கழண்டு வந்தது நாங்க பண்ண புண்ணியம். மாட்டிருந்தா இழுத்துட்டுப் போயிருக்கும்.

சேணம் ஏன் சுத்துச்சுன்னு அப்பறம்தான் பாத்தேன். வயித்துப்பட்டைல கொக்கி இல்ல. அதுக்குப் பதிலா நைலான் கயிறு, எங்க கம்பெனில பண்டல் கட்டற அதே கயிறு, ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு. சேணத்துக்கு அடியில விரிப்புக்குப் பதிலா பருத்திக்கொட்டைச் சாக்கு. அதை நகத்துனேன். முதுகெலும்புக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு, மேல மஞ்சளைப் பூசி விட்டிருக்காங்க. சாக்கு நூலு புண்ணோட ஒட்டிட்டு வருது. குதிரை தோலைச் சிலிர்த்துச்சு, ஆனா நகரல. அந்த வாயில்லா ஜீவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. மேளம் கேட்டா ஆடோணும்னு அடிச்சுப் பழக்கிருக்காங்க, அது ஆடுச்சு.

ஓனர் பைக்ல வந்தாரு. "உங்காளு போன் அடிச்சதுக்கு நாங்க என்னங்க பண்றது?"ன்னு மொத வார்த்தை. ரெண்டாவது வார்த்தை, அந்தக் கையெழுத்துத் தாளு. முதலுதவிப் பெட்டி இல்ல. மச்சான் கைக்கு ஐஸ் வெச்சது பக்கத்துல இளநி விக்கற ஒரு அக்கா. பொள்ளாச்சில எக்ஸ்ரே எடுத்தோம், மணிக்கட்டு எலும்பு விரிஞ்சிருக்கு, ஆறு வாரம் மாவுக்கட்டு. மீதி 5,800 குடுத்தாத்தான் கார் சாவியைத் தருவேன்னு வேற ஒரு சண்டை நடந்துச்சு. பார்க்கிங்னு சாவியை வாங்கி வெச்சிருந்தாங்க, அதையும் நான் குடுத்திருக்கக் கூடாது.

மாவுக்கட்டுப் போடற எடத்துல உக்காந்திருக்கறப்ப அந்தத் தம்பி சொன்னது ஞாபகம் வந்துச்சு. கிளம்பறப்ப காதுகிட்ட வந்து, "புரட்டாசில கல்யாணம் இல்லீங்கண்ணா, குதிரை சும்மாதான நிக்குது, அதான்"னான். முகூர்த்தம் இல்லாத மாசத்துல தீவனச் செலவுக்கு நம்ம பசங்களை ஏத்தி விடறாங்க. ஊர்வலக் குதிரை கூட்டத்துல நிக்கும், மெதுவா நடக்கும். மேட்டுலயும் வாய்க்கால் கரையிலயும் புது ஆளை ஏத்திட்டுப் போறதுக்கு அது பழகினதில்ல.

எங்க தோட்டத்துக்கு வர்ற கால்நடை டாக்டர்கிட்ட அப்பறம் பேசுனேன். பட்டை கட்டறப்ப சில குதிரைங்க வயித்தை உப்பிக்குமாம். கொஞ்ச தூரம் நடந்ததும் பட்டை தொளதொளன்னு ஆயிரும், அதனால அஞ்சு நிமிஷத்துல நிறுத்தி மறுபடி இறுக்கணும். எங்களுக்கு யாரும் இறுக்கல. ஏறற ஆளும் சேணமும் சேந்து குதிரை எடைல அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னாரு. குதிரை 350 கிலோன்னா 70 கிலோ. மச்சான் மட்டுமே 94. (இதை அவன்கிட்ட இன்னும் சொல்லல.) நடக்கறப்ப தலையை மேலயும் கீழயும் ஆட்டிட்டே வந்தா முன்னங்கால் நொண்டுதுன்னு அர்த்தம், ஏறாதீங்க. பல்லைப் பாத்து வயசு சொல்றது மாட்டுக்கு மாதிரித்தான்: குதிரைக்கு நடு முன்பல்லு ரெண்டரை வயசுல விழுந்து முளைக்கும், ஓரப் பல்லுக்கு நாலரை ஆகும். பால்பல்லோட இருக்கற குட்டி மேல எல்லாம் ஆளை ஏத்தறாங்களாம். நீங்க கேட்டா சாக்கைத் தூக்கி முதுகைக் காட்டணும். காட்ட மாட்டேன்னா வண்டியைத் திருப்பிருங்க, அட்வான்ஸ் போனாப் போகுது. வழுக்கற செருப்பு போட்டுட்டு ஏறாதீங்க, கொஞ்சம் குதி வெச்ச ஷூதான் அங்கவடிக்குள்ள நுழைஞ்சு மாட்டாது.

சுமை மிருகங்களுக்குன்னு 1965லயே மத்திய அரசு விதி இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம ஓட்டக் கூடாது. 37 டிகிரி தாண்டற ஊர்ல மத்தியானம் 12லருந்து 3 வரைக்கும் ஓட்டவே கூடாது. இதையெல்லாம் ஓனர்கிட்ட சொன்னா சிரிப்பாரு, இருந்தாலும் நாம தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

1915க்குப் போன் பண்ணுனேன், நுகர்வோர் உதவி எண். விளம்பர ஸ்கிரீன்ஷாட், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட், ஆஸ்பத்திரி பில் எல்லாம் பதிவு பண்ணியாச்சு. நல்லவேளை அந்த வீடியோ இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு பயந்தேன். கவனக்குறைவுக்கு அந்தத் தாளு கேடயம் ஆகாதுன்னு வக்கீல் சொல்றாரு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நோட்டீஸ் போன மறுநாள் ஓனர் போன் பண்ணி, "5,000 திருப்பித் தரேன், பதிவு கிதிவு போட்டுராதீங்க"ன்னாரு. ஆஸ்பத்திரிச் செலவைப் பத்திப் பேச்சே இல்ல.

மச்சானுக்குப் போன வாரம் கட்டுப் பிரிச்சாச்சு. ரிங்டோனை மாத்தல.

நேத்து ராத்திரி சம்சாரம் மறுபடி போனைக் கொண்டாந்து காட்டுனா. அதே பக்கம், புது விளம்பரம். மார்கழிக்கு 'விண்டர் ரைடு'. மார்கழிலயும் முகூர்த்தம் இல்ல பாருங்க. இந்தத் தடவை படத்துல குதிரை மேல பனி கொட்டுது, முழங்கால் அளவுக்கு.