இழப்பா, அறிவா: காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் பண்பாட்டு மரபு

காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் பண்பாட்டு மரபை இரு வகையில் முன்வைக்கலாம்.

முதலாவது, அதை இழப்புக் கணக்கில் சேர்ப்பது. 2013இல் வார்சாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பு, சேதத்துக்கான பன்னாட்டு ஏற்பாடு உருவான பின், பணத்தால் அளக்க முடியாத இழப்புகளுள் ஒன்றாக மரபும் பேசப்படுகிறது. பெரு நாட்டின் சான் சான் என்ற பழைய மண்நகரம் 1986 முதலே யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் இருக்கிறது. பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ காலத்து மழை அதன் பச்சைச்செங்கல் சுவர்களைக் கரைக்கிறது. நிதி கோர இவ்வணுகுமுறை வலுச் சேர்க்கிறது. ஆனால் மரபைக் காக்கப்பட வேண்டிய பொருளாக மட்டுமே இது பார்க்கிறது என்பது என் மனக்குறை.

மற்றொன்று, மரபை வழிகாட்டும் அறிவாகக் கொள்வது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம், மாறும் காலநிலைக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ள அறிவியலோடு மரபறிவும் பழங்குடியினரின் அறிவும் துணை நிற்க வேண்டும் என்கிறது. மாலியின் ஜென்னே பெரிய மசூதியும் மண்ணால் ஆனதுதான். எனினும் ஊரார் ஆண்டுதோறும் கூடி, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பனங்கட்டைகளையே சாரமாகக் கொண்டு ஏறி, உமி கலந்து புளிக்க வைத்த சேற்றைக் கையாலேயே அப்பிப் பூசுவதால் அது நிலைத்து நிற்கிறது. அங்கே மரபு என்பது சுவர் மட்டுமன்று, அந்தக் கைப்பழக்கமும்தான். ஆகவே இரண்டாவது வழிக்கே முன்னிடம் தருவேன்.

ஆயினும், கடல் விழுங்கும் தீவொன்றில் மூதாதையரின் கல்லறைகளை எந்தப் பூச்சும் காக்காது. அங்கே இழப்பை இழப்பென்றே பதிவு செய்து ஈடு கேட்பதே நேர்மை.