மரபணு ஆலோசனைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை: வம்சாவளிப் படமும் ஏழாம் பக்கமும்

எங்கள் அப்பா 51 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அண்ணனுக்கு 44 வயதில் அதே நோய், நிணநீர்க் கணுக்கள் வரை பரவிய மூன்றாம் நிலையில் கண்டறியப்பட்டபோது, அவருக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் குடும்பத்தோடு மரபணு ஆலோசனைக்குப் போகும்படி சொன்னார். பரம்பரைப் புற்றுநோய்களுக்கான ஆலோசனையையும் பரிசோதனையையும் ஒன்றாக வழங்கும் ஒரு சேவையை அண்ணன், நான், தங்கை மூவரும் பயன்படுத்தினோம். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதன் அறிக்கையில் நான் கண்ட குறை பெரியது. அதன் ஆலோசகர் எங்களுக்குச் செய்த உதவி அதைவிடப் பெரியது. இரண்டையும் விவரமாகச் சொன்னால், இதுபோன்ற எந்தச் சேவையை நாடுபவருக்கும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது புரியும்.

முதல் சந்திப்பு காணொளி வழியாக ஐம்பது நிமிடம் நடந்தது. உமிழ்நீர்க் குழாய், இரத்த மாதிரி என்ற பேச்சே அதில் கிடையாது. ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு, மூன்று தலைமுறைக்கு எங்கள் குடும்பத்தை வரைந்தார். அப்பாவும் அண்ணனும் மட்டும்தான் என்று நான் சொன்னேன். "உங்கள் அப்பாவுடன் பிறந்த பெண்கள் யாருக்காவது கருப்பையை எடுத்திருக்கிறார்களா?" என்று அவர் கேட்டார். அத்தைக்கு 47 வயதில் கருப்பையை எடுத்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் அதை வெறும் கட்டி என்றுதான் சொல்லிவந்தார்கள். பழைய மருத்துவக் கோப்பைத் தேடிப் பார்த்தபோது அது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. அத்தையின் வட்டத்தில் ஒரு பகுதியை ஆலோசகர் கறுப்பாக்கியதும், பத்து ஆண்டுகளாகத் தனித்தனித் துயரங்களாக நாங்கள் நினைத்திருந்தவை ஒரே கோட்டில் வந்து நின்றன.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு என்று பிறகு படித்தேன். 1895இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஆல்டிரெட் வார்த்தினிடம் அவருடைய தையற்காரப் பெண்மணி, தன் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று வருந்தினார். பிறகு கருப்பைப் புற்றுநோயால்தான் அவர் இறந்தார். வார்த்தின் 1913இல் வெளியிட்ட அந்தக் குடும்ப வரைபடத்தைப் போன்றவற்றை 1960களில் தொடர்ந்து ஆராய்ந்தவர் ஹென்றி லிஞ்ச். இன்று இதை லிஞ்ச் நோய்த்தொகுப்பு என்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இதை உடையவர்கள். குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகளை, அதாவது உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகளை, உண்டாக்கும் ஏபிசி மரபணுப் பிறழ்வைவிட இது கூடுதலாகக் காணப்படுகிறது, ஆனால் பாலிப்புகள் குவியாததால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இரண்டாவதாக நான் பாராட்டுவது, பரிசோதனையை அவர்கள் தொடங்கிய இடம். என் உமிழ்நீரை வாங்கி உடனே கட்டணம் வசூலித்திருக்கலாம். நோயுற்றவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லி, அண்ணனின் அறுவை சிகிச்சையின்போது எடுத்துப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருந்த திசுவை வரவழைத்தார்கள். செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களும் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. இவற்றில் ஒன்றுக்கான மரபணு பரம்பரையாகப் பழுதாகியிருப்பதுதான் லிஞ்ச். அண்ணனின் கட்டியில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் இல்லை. எம்எஸ்எச்2 இல்லாவிட்டால் அதோடு இணைந்து வேலை செய்யும் எம்எஸ்எச்6 நிலைத்திருக்க முடியாது. ஆகவே பழுது எம்எஸ்எச்2 மரபணுவில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆலோசகர் விளக்கினார். இரத்தப் பரிசோதனை அதை உறுதிசெய்தது. அதன்பின் எனக்கும் தங்கைக்கும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினார்கள். இதனால் செலவு குறைந்தது. பொருள் தெரியாத மாறுபாடு என்ற குழப்பமான முடிவுக்கும் இடமில்லாமல் போனது. பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. எனக்கு இருக்கிறது. தங்கைக்கு இல்லை.

முடிவை மின்னஞ்சலில் அனுப்பும் முன் ஆலோசகரே அழைத்துச் சொன்னார், எண்களை மறைக்கவில்லை. எம்எஸ்எச்2 பிறழ்வு உள்ளவர்களில் வாழ்நாளில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது. பிஎம்எஸ்2 என்றால் அபாயம் பத்தில் ஒருவர் அளவுதான் இருக்கும். லிஞ்ச் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், எந்த மரபணு என்று தெரியாமல் யாரும் அஞ்சவும் கூடாது, அலட்சியமாக இருக்கவும் கூடாது. பொதுவாகப் பாலிப் ஒன்று புற்றாக மாறப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். லிஞ்ச் உள்ளவர்களுக்கு அது ஓரிரு ஆண்டுகளிலேயே நடந்துவிடக்கூடும். 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கோலனோஸ்கோபியைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நான் 39 வயதில்தான் முதல்முறை செய்துகொண்டேன். வலப்பக்கப் பெருங்குடலில் ஆறு மில்லிமீட்டர் அளவில் ஒரு பாலிப் இருந்தது, அப்போதே அகற்றிவிட்டார்கள். திரையில் அதைப் பார்த்தேன், உள்சுவரின் நிறத்திலேயே, ஒரு பருப்பின் அளவுக்கு மேலெழும்பி இருந்தது.

இனி ஏழாம் பக்கம். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எனக்கு நோய் விளைவிக்கும் எம்எஸ்எச்2 பிறழ்வு இருக்கிறது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஏழாம் பக்கத்தில் "பெருங்குடல் புற்றுநோய்: உங்கள் அபாயம் சராசரி" என்ற தலைப்பின்கீழ், பச்சையிலிருந்து சிவப்பு வரை செல்லும் அரைவட்டத்தில் முள் பச்சைப் பகுதியில் நின்றது. தனித்தனியே மிகச் சிறிய பங்காற்றும் பல பொதுவான மரபணு வேறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிட்ட மதிப்பெண் அது. அந்தக் கணக்கில் எம்எஸ்எச்2 பிறழ்வு சேர்வதே இல்லை என்ற செய்தி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மேலும், இத்தகைய மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்து உருவானவை. மற்றவர்களுக்கு அவற்றின் துல்லியம் குறைவு. அதையும் அவர்கள் எங்கும் சொல்லவில்லை. ஆலோசகரிடம் பேசாமல் அறிக்கையை மட்டும் புரட்டும் ஒருவர் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்து, கோலனோஸ்கோபியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் என்னை இரவெல்லாம் வாட்டியது. புகார் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து அந்தப் பக்கத்தை நீக்கிப் புதிய அறிக்கை அனுப்பினார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். ஏற்கெனவே அதே பக்கத்தைப் பெற்றிருக்கக்கூடிய மற்றவர்களுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அதே அறிக்கையோடு வந்த வாழ்க்கைமுறைத் திட்டமும் ஏமாற்றம்தான். நார்ச்சத்து, தூக்கம், தண்ணீர் என்று யாருக்கும் பொருந்தும் நான்கு பக்கங்கள். லிஞ்ச் உள்ளவர்களுக்கென்றே ஆய்வுகள் இருக்கும்போது அவற்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். 861 பேர் பங்கேற்ற காப்2 ஆய்வில் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பின்னாளில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. வயிற்றுப்புண், இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் இதை மருத்துவரின் முடிவுக்கே விட வேண்டும். அதே ஆய்வில், உடல் பருமன் கொண்டிருந்த லிஞ்ச் நோயாளிகளுக்கு அபாயம், எடை மிகாதவர்களுக்கு இருந்ததைப் போல 2.4 மடங்கு இருந்தது. மரபணு கொடுத்த அபாயத்தின்மேல் எடை இவ்வளவு சேர்க்கிறது என்பது எனக்கு நான்கு பக்க அறிவுரையைவிடப் பயன்பட்ட செய்தி. புகையும் மதுவும் யாருக்கும் அபாயத்தைக் கூட்டுபவை. பதப்படுத்திய இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கணக்கிட்டது. அது முன்பிருந்த அபாயத்தின்மேல் கூடுகிற 18 விழுக்காடு, நூறு பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்று பொருளல்ல. திட்டம் இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, "நான் ஒழுங்காக வாழ்ந்திருந்தால் இது வந்திருக்காதோ?" என்று அவர் ஆலோசகரிடம் கேட்டார். கருவிலேயே வந்த பிறழ்வுக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை, இனி செய்யக்கூடியதைப் பேசுவோம் என்று ஆலோசகர் பதில் சொன்ன விதத்துக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். 2025இல் வெளியான சேலஞ்ச் ஆய்வைப் பற்றி அவர்தான் எங்களுக்குச் சொன்னார்: அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில், மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு முறையான உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டு முடிவில் 90.3 விழுக்காட்டினரும், கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் விரைந்து நடப்பது போதுமான அளவு. கீமோ முடிந்த ஆறாம் வாரம் முதல் அண்ணன் நடக்கிறார். லிஞ்ச் உள்ளவர்களின் இத்தகைய கட்டிகள் பரவிய நிலையை எட்டினாலும் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். பிழைத்திருப்பதைப் பற்றிய இத்தனை செய்தியில் ஒரு வரிகூட அச்சிட்ட அறிக்கையில் இல்லை.

தங்கையின் அறிக்கையில் "பிறழ்வு இல்லை" என்று ஒரு வரியும் ஒரு பச்சைக் குறியும் மட்டுமே இருந்தன. குடும்பத்தில் ஓடும் பிறழ்வு இன்னது என்று தெரிந்து, அது ஒருவரிடம் இல்லாவிட்டால், அவருடைய அபாயம் மற்ற எல்லாரையும் போன்றதாகிவிடுகிறது. வழக்கமான 45 அல்லது 50 வயதில் பரிசோதனையைத் தொடங்கினால் போதும். குடும்பப் பிறழ்வே தெரியாத நிலையில் ஒருவருக்கு அதே வரி வந்தால் அது அவ்வளவு நிம்மதி தராது. பெற்றோரோ உடன்பிறந்தவரோ நோயுற்றிருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். ஆலோசகர் சொல்லாதிருந்தால் தங்கை வீண் கோலனோஸ்கோபிகளைச் செய்துகொண்டிருப்பாள், அல்லது 50 வயதிலும் செய்யாமல் விட்டிருப்பாள்.

ஆகவே, ஆலோசனைக்கு ஐந்துக்கு ஐந்து, ஆய்வகப் பணிக்கும் அதே மதிப்பெண், அறிக்கைக்கு இரண்டு. குடும்பத்தில் 50 வயதுக்குள் யாருக்கேனும் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உமிழ்நீர்க் குழாயை மட்டும் தனியே விற்கும் அவர்களுடைய மலிவான திட்டத்தை வாங்க வேண்டாம். கடைசியாக ஆலோசகர் ஒரு பக்கக் கடிதம் தந்தார்: பிறழ்வின் சரியான குறியீட்டெண், யார் யார் பரிசோதிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று உறவினருக்கு எழுதியது. அத்தையின் மூன்று பிள்ளைகளுக்கும் அதன் நகலை அனுப்பியிருக்கிறேன். இருவர் தேதி வாங்கிவிட்டார்கள். மூத்தவர் இன்னும் பதில் எழுதவில்லை, அவருக்கு இந்த வாரம் நானே தொலைபேசியில் பேசப்போகிறேன்.