பழைய உத்திரத்தில் புது வாசக்கால்: செவ்வாய்ப்பேட்டைப் பழைய மரக்கடை ஒன்றைப் பற்றி

சேலம் அம்மாப்பேட்டையில் வங்கிக் கடனில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. குடிவந்த இரண்டாம் ஆண்டு வைகாசியில், கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் தலைவாசல் நிலையின் அடிப்பகுதியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் காகிதம்போல் உள்ளே போயிற்று. மரம் இருக்க வேண்டிய இடத்தில் கரையான் மண்தான் இருந்தது. ஆசாரியை அழைத்துக் காட்டியபோது, நிலை, கதவு இரண்டையுமே மாற்ற வேண்டும் என்றும், நல்ல தேக்கில் புதிதாகச் செய்து பாலிஷ் போட்டு மாட்டக் கூலியோடு 58,000 ரூபாய் ஆகும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தொகை எங்களுக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கடையைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் கடன் 20 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, வட்டி 8.5 விழுக்காடு, மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய், வெறும் 3,189 ரூபாய்தான் அசலில் கழிந்தது. வங்கியில் கேட்டபோது வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதல் கடன் எளிதாகக் கிடைக்கும் என்றார்கள். அதே வட்டியில், மீதமிருக்கும் 18 ஆண்டுக்கு 58,000 ரூபாய் கடன் வாங்கினால் மாதம் 525 ரூபாய்தான் கூடும். கேட்பதற்குச் சிறிய தொகையாகத்தான் இருந்தது. ஆனால் 216 மாதங்களுக்குப் பெருக்கிப் பார்த்தபோது அந்தக் கதவின் விலை 1,13,000 ரூபாயைத் தாண்டியது. அன்று இரவே கூடுதல் கடன் வேண்டாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

விலை குறைந்த மரங்களையும் விசாரித்தோம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் மழைச் சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் தலைவாசலுக்கு அது தாங்காது என்று ஆசாரியே மறுத்துவிட்டார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய மரக்கடை இருப்பதாகவும், அங்கே மரத்தை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் தாம் கூலிக்குச் செய்து தருவதாகவும் அவர்தான் வழி சொன்னார்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. தெருவை நோக்கி ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்னே நீளமான காலி மனை. இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவுகள் சுவரோரம் புத்தகங்களைப்போல் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கம்பி ஜன்னல்கள், மரப்படிகள், கடப்பா பலகைகள், கைகழுவும் பீங்கான் தொட்டிகள் எல்லாம் ஒரு பக்கம். உத்திரங்களும் கட்டைகளும் இன்னொரு பக்கம். சேலத்தின் பழைய பகுதிகளில் இன்று இடிபடும் வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துப் போட்ட கூரை அது. அப்படியொரு வீடு இடியும்போது கிடைக்கும் மரம், பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் இருந்து ஈரம் முழுவதும் வற்றிய மரம். புதிதாக அறுத்த இளந்தேக்கைப்போல் அது வெயிலில் முறுக்கிக்கொள்வதில்லை. வயதான மரத்தில் அறுத்ததால் வைரம், அதாவது உறுதியான நடுமரம், மிகுதியாகவும் வெளிப்புற வெள்ளை குறைவாகவும் இருக்கும். கரையானும் வண்டும் முதலில் பிடிப்பது அந்த வெள்ளைப் பகுதியைத்தான் என்பதால், பழைய உத்திரத்துக்குத் தலைவாசலில் தனி மதிப்பு உண்டு.

கடைக்காரப் பெரியவர் முதலில் காட்டியது ஒரு முழு நிலை. வேலைப்பாடு அழகாகவே இருந்தது. ஆனால் என் அத்தை அதற்கு ஒப்பவில்லை. "இன்னொருத்தர் வாழ்ந்த வீட்டு வாசக்காலைக் கொண்டுவந்து நம்ம வீட்டுல நிறுத்தலாமாம்மா?" என்று கேட்டார். அவர் மனத்தில் உறுத்தல் இருக்கும்போது அந்த வாசலில் மஞ்சள் பூசிக் கோலம் போடுவது எப்படி? பணம் மிச்சமாகிறது என்பதற்காக மூத்தவர்களின் மனத்தைப் புண்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை. ஆசாரிதான் அதற்கும் வழி கண்டார். நிலையாக இருந்ததை வாங்காமல் உத்திரத்தை வாங்கி, மில்லில் அறுத்து, இழைத்துப் புதிய நிலையாகவே சேர்த்துவிடலாம் என்றார். கூரை தாங்கிய மரம் என்றதும் அத்தையும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். இதே தயக்கத்தால் பழைய மரத்தையே ஒதுக்கிவிடும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

உத்திரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. அகல அங்குலத்தைப் பருமன் அங்குலத்தால் பெருக்கி, அதை நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். நாங்கள் எடுத்தது 6 அங்குலத்துக்கு 6 அங்குலம், 11 அடி நீளம், 2.75 கன அடி. கன அடி 2,400 ரூபாய் வீதம் 6,600 ரூபாய். இந்த அளவைத் தேர்ந்தெடுத்தவர் ஆசாரி. உத்திரத்தை நீளவாக்கில் நடுவே பிளந்தால் 11 அடியில் இரண்டு சட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 7 அடிக் கால் ஒன்றும் மூன்றரை அடிக் குறுக்குச் சட்டம் ஒன்றும் எடுத்தால், மிஞ்சுவது அரை அடித் துண்டு மட்டுமே. அறுவையிலும் இழைப்பிலும் கழிந்தது போக, நிலைக்கு ஐந்தரை அங்குல அகலமும் இரண்டே முக்கால் அங்குலப் பருமனும் நின்றன. வாங்கப் போகிறவர்கள் ஆசாரியையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் அரை நாள் கூலியை மரத்தின் சேதாரத்திலேயே திரும்ப எடுத்துவிடலாம்.

அளக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரியவர் நாடாவை மரத்தின் கடைசி நுனிவரை பிடித்தார். சுவருக்குள் இருந்த முனையில் ஏறத்தாழ எட்டு அங்குலம் ஈரம் ஏறி மட்கியிருந்தது. அதை எடுத்துச் சொன்னதும், மறுப்புச் சொல்லாமல் அந்த நீளத்தைக் கழித்துத்தான் 11 அடி என்று எழுதினார். நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருப்போம்.

ஆணி அடுத்த சிக்கல். பழைய உத்திரங்களில் தலை முறிந்த ஆணிகள் மரத்துக்குள் புதைந்து கிடக்கும். மில்லில் ரம்பம் அதில் பட்டால் பிளேடு போய்விடும், அதற்கான பணத்தையும் மரத்தின் சொந்தக்காரரிடம்தான் கேட்பார்கள். எங்கள் ஆசாரி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை நூலில் கட்டி, உத்திரத்தின் நான்கு பக்கமும் மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். காந்தம் சட்டென்று மரத்தோடு ஒட்டிய இடங்களில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். பதினான்கு வட்டங்கள் விழுந்தன. அவ்வளவையும் உளி வைத்துத் தோண்டிப் பிடுங்கிய பிறகே மில்லுக்கு வண்டி ஏற்றினோம். ரம்பம் பிளந்து முடித்ததும், வெளியே கறுத்துச் சாம்பல் பூத்திருந்த அந்தக் கட்டைக்குள்ளிருந்து தேன் நிறத்தில் மரம் தெரிந்ததையும், மில் முழுவதும் தேக்கு வாசனை எழுந்ததையும் என்னால் மறக்க முடியாது.

கதவு, ஓர் உள்ளறையில் இருந்த நான்கு பலகைத் தேக்குக் கதவு. எண்ணிக்கை விலையில் 7,000 ரூபாய். அதன் அளவுக்கே நிலையை அமைத்துக்கொண்டோம். அதன்மேல் மூன்று நான்கு அடுக்குப் பெயிண்ட் இருந்தது. இதைச் சுரண்டும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே உலர்ந்த மணல்தாளால் தேய்க்காமல், நனைத்து நனைத்து, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்தே சுரண்டச் சொன்னேன். கீழே விரித்திருந்த தாளைத் தூளோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினோம். பிள்ளைகளை அந்த இரண்டு நாளும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கடையின்மேல் எனக்குள்ள குறை ஜன்னல் விஷயத்தில் வந்தது. இரண்டு ஜன்னல்கள் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பெயிண்டைச் சுரண்டியபோது ஒன்றின் அடிச்சட்டத்தில் குண்டூசி முனை அளவில் துளைகளும், தட்டினால் கோதுமை மாவைப்போல் உதிரும் தூளும் இருந்தன. துளை மட்டும் இருந்தால் பழைய சேதம். புதிய தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். திரும்பக் கொண்டுபோனபோது பணம் தர மறுத்து, வேறு ஜன்னல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதிலும் 400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், வண்டிக் கூலியும் எங்கள் பொறுப்பே. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமல் பெயிண்ட் அடித்து மறைந்திருந்த குறைக்கு வாங்கியவரிடமே பணம் பிடிப்பது நியாயமாகாது. சிறு கத்தி ஒன்றைக் கொண்டுபோய், அடிச்சட்டத்தில் ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டு, பிறகு வாங்குங்கள். மேலும் இங்கே முறையான ரசீது கிடைப்பதில்லை. ஒரு துண்டுத் தாளில் கணக்கு எழுதித் தருகிறார்கள். செலவுக்கு ரசீது காட்ட வேண்டிய தேவை உள்ளவர்களுக்கு இந்தக் கடை உதவாது.

மொத்தக் கணக்கு இது. உத்திரமும் கதவும் 13,600 ரூபாய், மில் கூலி 500, குட்டி யானை வண்டி 900, ஆசாரிக்கு நான்கு நாள் கூலி 4,800, கீல், தாழ்ப்பாள், பூட்டு, மணல்தாள், வார்னிஷ் எல்லாம் 3,200. ஆக 23,000 ரூபாய். புதிய கதவுக்கான மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 35,000 ரூபாய் மிச்சம். ஜன்னல்களிலும், சமையலறை அலமாரிக்கு எடுத்த கடப்பா பலகைகளிலும், மேலே சொன்ன நட்டம் போக இன்னுமொரு 5,000 ரூபாய் மிச்சமானது. வேறு வேலைகளுக்கு ஒதுக்கத் தோன்றினாலும், கதவுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் அந்த 40,000 ரூபாயை அப்படியே கடனின் அசலில் கட்டிவிட்டோம்.

தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டே உத்தரவிட்டுவிட்டது. கட்டும்போது மாதத் தவணையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்தோம். வட்டி விகிதம் இப்படியே இருந்தால், இன்று கட்டிய 40,000 ரூபாயால் கடன் கடைசியில் ஏறத்தாழ 10 தவணைகள் முன்னதாகவே முடியும். பத்து தவணை என்பது 1,73,560 ரூபாய். இந்தக் கணக்கை முதலில் நான் நம்பவில்லை. நோட்டில் இரண்டு முறையும் கணினியில் ஒரு முறையும் போட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

பொறுமையும், மரம் அறிந்த ஆசாரியும் உள்ளவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உத்திரம், உட்கதவு, கடப்பா பலகை மூன்றும் இங்கே வாங்கத் தக்கவை. ஜன்னல் வாங்குவதில் கவனம் வேண்டும். பீங்கான் தொட்டிகள் பெரும்பாலும் ஓரம் உடைந்தவை, விலையும் அப்படியொன்றும் குறைவில்லை. ஆடி மாதத்தில் யாரும் நிலை வைப்பதில்லை என்பதால் அப்போது கடையில் கூட்டம் குறைந்திருந்தது. பெரியவர் நிதானமாக ஒவ்வொரு கட்டையையும் புரட்டிக் காட்டினார், விலையிலும் கன அடிக்கு 200 ரூபாய் இறங்கி வந்தார். மில்லிலும் ஆசாரியிடமும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆடியில் அறுத்து இழைத்து வைத்துக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிலையை நிறுத்தினோம். சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கு மட்டும் தார் பூசினார் ஆசாரி. மற்ற பக்கங்களுக்கு அத்தை தம் கையாலேயே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்.