பத்துக் கட்டளைப் பலகை 38 வெள்ளி, அன்பு தனி விலை

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கிறிஸ்தவப் பொருள் கடையில் போன மாதம் இந்தப் பலகையை வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், அண்ணன் நல்ல மனுஷர். மோசேயின் கற்பலகை மாதிரி தலை வளைந்த இரண்டு மரப்பலகை, நடுவில் கீல், புத்தகம் போலத் திறக்கும். விலை 38 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ரோமர் 13:10, அதாவது அன்பு நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்ற வசனம் பொறித்த சின்னப் பட்டை ஒன்றைக் கீழே கொக்கியில் தொங்கவிடலாம். அது பெட்டிக்குள் வராது, தனியாக 7 வெள்ளியாம். "ஏன் அண்ணே, கட்டளை வாங்கினா அன்பு சேர்ந்து வராதா?" என்றேன். சிரித்துவிட்டு 5 வெள்ளிக்குத் தந்தார்.

மரம் நல்ல கனம், எழுத்தும் கூர்மையாகத்தான் வெட்டியிருக்கிறார்கள், ஆனால் பழுப்பின் மேல் தங்க நிறம் பூசியதால் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பு தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கூடவே கொடுத்த ஒட்டுநாடா இரண்டு நாள் தாங்கவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டுக் கான்கிரீட் சுவருக்குத் துளை போட்டு மாட்டினால்தான் உண்டு. எட்டாவது கட்டளையில் 'களவு' என்பது 'கலவு' ஆகிவிட்டது, அதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

எட்டாவது என்று சொன்னதும் மாமியார் பிடித்துக்கொண்டார். நாங்கள் மெதடிஸ்ட், அவர் கத்தோலிக்கர், ஓஃபீர் ரோடு லூர்து மாதா கோயில்காரர். "களவு ஏழாவதும்மா, உங்க ஆளுங்களுக்கு எண்ணத் தெரியலையா?" யாருக்கும் எண்ணத் தெரியாமல் இல்லை. கட்டளைகள் வரும் வேதாகமப் பகுதியான யாத்திராகமம் 20இல் இலக்கமே போடவில்லை. கத்தோலிக்கர்களும் லுத்தரன்களும் விக்கிரகக் கட்டளையை முதலாவதோடு சேர்த்து, கடைசியில் இச்சியாதே என்பதை இரண்டாகப் பிரிப்பார்கள், நாங்கள் அதற்கு நேர்மாறு. வீட்டில் இரண்டு கணக்கும் இருந்தால் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாமியார் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்துக்கொண்டு வந்தவர், பத்து முடிந்தும் நிறுத்தவில்லை: இந்தப் பத்துக் கற்பனைகளும் (கட்டளைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள்) இரண்டு கற்பனைகளில் அடங்கும், சர்வேசுரனை எல்லாவற்றிற்கும் மேலாக நேசிப்பது, தன்னைத்தான் நேசிப்பதுபோல் பிறரையும் நேசிப்பது. "அந்த வரி எங்கே?" அது கொக்கியில் தொங்குது அத்தை, 5 வெள்ளி என்றேன்.

அன்றைக்கு ராத்திரி வேதாகமத்தை எடுத்துப் பலகையோடு ஒப்பிட்டேன். இடம் பத்தாது என்று வெட்டியிருக்கிறார்கள், சரி, அது புரிகிறது. எதை வெட்டினார்கள் என்பதுதான் கடுப்பு. கட்டளைக்கு முன்னால் உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்று ஒரு வரி இருக்கிறதே, அது பலகையில் இல்லை. காப்பாற்றியது முதலில், கட்டளை அப்புறம் என்ற வரிசையே அதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பள்ளிக்கூட ஒழுங்கு விதி மாதிரித்தான் படிக்கிறது. ஓய்வுநாள் கட்டளையும் ஒரே வரியோடு நிற்கிறது. பத்துக் கட்டளைகள் மறுபடி வரும் உபாகமம் 5ஐத் திறந்து பாருங்கள், அதே கட்டளை வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்று நீள்கிறது. அன்பு வெளியிலிருந்து கொண்டுவந்து தொங்கவிடும் பட்டை இல்லை, கட்டளைக்குள்ளேயே இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுத் தனியாக விற்கிறார்கள்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாமியாரைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டில் மியன்மார்ப் பெண் ஒருவர் இருக்கிறார். பல வருஷம் நாங்கள் ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காகப் போனோம், அவர் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டிருந்தார், ஓய்வுநாளுக்குப் பதில் காசு கொடுத்துவிட்டோம். குடும்பத்தில் ஒருத்தி மாதிரி, எவ்வளவு அன்பாக வைத்திருக்கிறோம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாள் தரவேண்டும் என்று சட்டம் வந்தது, அதற்கப்புறம்தான் அவர் ஒரு ஞாயிறு காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தன் சபைக்குக் கிளம்பியதைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு சபை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் அன்புக்குத் தோன்றாததை மனிதவள அமைச்சின் விதி செய்ய வைத்தது. இப்போது எல்லா ஞாயிறும் அவருக்கு ஓய்வுதான், அதை எந்த விதியும் கேட்கவில்லை.

பரிசு கொடுக்கப் பரவாயில்லை, பார்வைக்கு அழகு. ஐந்துக்கு மூன்று. எழுத்துப் பிழைக்கு மாற்றித் தருகிறேன் என்று கடை அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். அப்படியே உபாகமத்து ஓய்வுநாள் கட்டளையை முழுசாகப் பொறித்துத் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இதில் அடங்காதும்மா, மூன்றாவது பலகை ஒன்று போட்டால்தான் முடியும் என்கிறார்.