பளபளவென்று திரும்பி வந்த டிரம்பெட்

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும். அன்று மாவட்டத்துக்கே லீவு. மறுநாளிலிருந்து பேண்டு செட் ஆட்களுக்கு லீவே கிடையாது. கேரல், கிறிஸ்துமஸ், வருஷப்பிறப்பு, அதற்குப் பின்னால் வரிசையாகக் கல்யாணங்கள். அதனால் நவம்பர் வந்தாலே கருவியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு ஓடுவோம். போன நவம்பரில் நானும் ஓடினேன். 4,500 ரூபாய் போனது, கிட்டத்தட்ட அதே விலையுள்ள மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) ஒன்று போனது, விரலால் அழுத்தும் வால்வுகளுக்குள் ஏறி இறங்கும் மூன்று பிஸ்டனும் பாழாகித் திரும்பி வந்தன. இந்த நவம்பரில் நீங்கள் ஓடுவதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள். கடை எது, ஆள் யார் என்று கேட்டு மெசேஜ் போடாதீர்கள், சொல்லப்போவதில்லை. நாகர்கோவில் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடைய டிரம்பெட் யமஹா 2330. படிக்கிற பையன்களுக்கான மாடல்தான், ஆனால் பிஸ்டன்கள் மோனல் உலோகம். நிக்கலும் செம்பும் கலந்தது, எளிதில் அரிக்காது. குவைத்தில் இருந்த மாமா வாங்கிக்கொண்டு வந்தது. கூட வந்த 11பி4 மவுத்பீஸை வீட்டில் வைத்துவிட்டு, மாமாவையே தொல்லைப்படுத்தி அடுத்த லீவில் பாக் கம்பெனியின் 3சி மவுத்பீஸ் ஒன்று வாங்கி வரச் செய்தேன். ஏழெட்டு வருஷம் அதே மவுத்பீஸ். உதடு அதற்குப் பழகிவிட்டது.

நவம்பர் நடுவில் முதல் வால்வு மக்கர் பண்ண ஆரம்பித்தது. அழுத்தினால் இறங்கும், விரலை எடுத்தால் மேலே வர யோசிக்கும். விடியற்காலையில் மோசம், வெயில் ஏறினால் கொஞ்சம் பரவாயில்லை. இந்தக் காலை, வெயில் வித்தியாசத்தைக் கவனித்த நான் அதன் காரணத்தை யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. யோசிக்கவில்லை. கேஸோடு தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். வாங்கிப் பார்த்தார், இரண்டு முறை வால்வை அழுத்தினார், “உள்ள கொண்டுபோய்ப் பாக்கேன் தம்பி” என்று திரைக்குப் பின்னால் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து என் கையில் கொடுத்து, “இப்ப ஊது” என்றார். ஊதினேன். காற்றே போகவில்லை. சுவரில் வாய் வைத்து ஊதுகிற மாதிரி இருந்தது. காலையில் இழுத்துப் பறித்தாவது வாசித்த கருவி, கண்ணெதிரே செத்துப்போனது.

“பாத்தியா, சிலிண்டர் தேஞ்சு வால்வு இறுகிட்டு. ரீபோர் அடிக்கணும். இனியும் வாசிச்சா மொத்தமா போயிரும்.”

6,500 கேட்டார். கெஞ்சி 4,500-க்கு வந்தது. “பஃபிங் என் கணக்கு” என்றார். அந்தப் பெருந்தன்மையில் மயங்கி மவுத்பீஸையும் கேஸையும் அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ரசீது? கேட்கத் தோன்றவில்லை. போட்டோ? போனில் ஆயிரம் போட்டோ இருக்கிறது, டிரம்பெட்டின் பிஸ்டனை எவன் போட்டோ எடுப்பான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டே நாளில் போன் வந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கண் கூசியது. கல்யாணப் பெண் மாதிரி நின்றது டிரம்பெட். பெல்லில், அதாவது அதன் விரிந்த வாயில், நம் முகம் தெரிந்தது. வால்வு மூன்றும் வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறின. கடையிலேயே நாலு நோட்டு ஊதினேன், சரியாகத்தான் இருந்தது. மனம் பளபளப்பிலேயே நின்றுவிட்டது, காது வேலை செய்யவில்லை. மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஊர்த் தேர்ப்பவனி. முதல் தெரு தாண்டவில்லை, உதடு தளர்ந்துவிட்டது. வழக்கமாக அலட்சியமாக எடுக்கிற மேல் ஜி வரவே இல்லை, வந்தால் காற்றாக வந்தது. கீழ் நோட்டுகள் பழைய ரேடியோவில் கேட்கிற மாதிரி மங்கலாக இருந்தன. இரண்டாம் டிரம்பெட் வாசிக்கும் பையன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பேண்ட் மாஸ்டர் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். குருசடி வரும்போது யூபோனியக்காரர் என் பகுதியையும் சேர்த்து வாசித்து மானத்தைக் காப்பாற்றினார்.

நாகர்கோவிலில் இரட்சணிய சேனை பேண்டில் பல வருஷம் கார்னெட் (டிரம்பெட் மாதிரியே, கொஞ்சம் குட்டை) வாசித்த ஒரு பெரியவரை எங்கள் மாஸ்டருக்குத் தெரியும். சேனைக்காரர்களுக்கு டிரம்பெட்டைவிட கார்னெட்தான் சொந்தம். பரம்பரையாக அப்படி. அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஊதிப் பார்க்கவே இல்லை. முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது அந்த வால்வோடு சேர்ந்த, இழுத்து நீட்டும் குழாயை, வால்வை அழுத்தாமலே ஒரு அங்குலம் வெளியே இழுத்தார், இழுத்தபடி பிடித்துக்கொண்டு வால்வை அழுத்தினார்.

“என்னமும் கேக்குதா மக்கா?”

“இல்ல.”

“‘டப்’புனு ஒரு சத்தம் கேக்கணும்.”

அவர் சொன்னது இதுதான். வால்வு மேலே இருக்கும்போது அந்த ஸ்லைடு இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கும். இழுத்தால் உள்ளே காற்று குறைந்து உறிஞ்சி நிற்கும். வால்வை அழுத்தியதும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ‘டப்’ என்று வெடிக்கும். பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதை அகலப்படுத்திவிட்டால் காற்று ஓரத்தில் கசியும், சத்தம் வராது, நோட்டும் நிற்காது. தன் வீட்டில் கிடந்த மீரட்டில் செய்த பழைய கார்னெட்டை எடுத்து இதே மாதிரி செய்து காட்டினார். ‘டப்’ என்று கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

பிஸ்டன்களை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். சுற்றிலும் நுணுக்கமான கீறல்கள். உப்புத்தாள் போட்டுச் சுற்றித் தேய்த்திருக்கிறார் கடைக்காரர். வெண்ணெய் மாதிரி இறங்கியதன் ரகசியம் அதுதான். விரலுக்கடியில் இருந்த ஃபெல்ட் வளையங்களுக்குப் பதில் தடித்த ரப்பர் இருந்தது. செருப்பில் வெட்டியதாக இருக்கும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. அந்தத் தடிமனால் வால்வை எவ்வளவு அழுத்தினாலும் பிஸ்டன் முழுசாக இறங்காது. உள்ளே ஓட்டையும் ஓட்டையும் நேர்படாது.

வால்வு தேய்ந்தால் செய்யவேண்டிய வேலை வேறு. பிஸ்டனுக்கு மேல் முலாம் ஏற்றிப் பருமனாக்கி, கூட்டைச் சீராக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். அதற்குத் தனி இயந்திரமும் தனிக் கையும் வேண்டும், இரண்டு நாளில் முடிகிற காரியம் இல்லை. தேய்ந்த வால்வை மேலும் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம்தான் பெரியவர் வால்வின் அடி மூடியைத் திருகினார். திறந்ததும் முகத்தைச் சுளித்துவிட்டு என் மூக்குக்குக் கீழே நீட்டினார். கனச்ச தேங்காய் எண்ணெய் வாடை.

4,500 ரூபாய்க்கு அந்த மூடியைக்கூடக் கழுவவில்லை. ஆனால் வாடை எப்படி வந்தது? வீட்டுக்கு வந்து விசாரித்ததில் அக்கா மகன் ஒத்துக்கொண்டான். அவனும் இதே டிரம்பெட்டில்தான் படிக்கிறான். வால்வு ஆயில் தீர்ந்துவிட்டது, என்னிடம் சொன்னால் திட்டுவேன், அடுக்களையில் பாட்டில் இருந்தது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தானே. அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். விடியற்காலையில் வால்வு மக்கர் பண்ணி வெயிலில் சரியான கதை அங்கே இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கலந்து கழுவி, துடைத்து, சரியான வால்வு ஆயில் நாலு சொட்டு விட்டிருந்தால் முடிந்திருக்கும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், மேலே இருக்கும் லாக்கர் பூச்சு உரியும்.

“அப்ப கடையில காத்தே போகலியே, அது எப்படி?” என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். முதல் பிஸ்டனையும் மூன்றாம் பிஸ்டனையும் உருவி இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்தார். “ஊது.” அதே சுவர். ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்தந்தக் கூட்டில் அந்தந்த எண் இல்லையென்றால் ஓட்டைகள் சேராது, காற்று அடைபட்டுவிடும். திரைக்குப் பின்னால் பத்து நிமிஷம் நடந்த ஆராய்ச்சி இவ்வளவுதான். எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. உப்புத்தாளைக்கூட அறியாமை என்று விடலாம்.

மவுத்பீஸ் மாறியது தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. உதட்டில் சின்னச் சின்னக் கொப்புளம். வெள்ளி முலாம் ஓரத்தில் உரிந்து மஞ்சள் தெரிந்தது. ஏழெட்டு வருஷம் உரியாதது ஒரு வாரத்தில் எப்படி உரியும்? அதிலும் 3சி என்றுதான் அடித்திருந்தது. ஆனால் என்னுடையதில் ஷாங்கின் (டிரம்பெட்டுக்குள் செருகும் பகுதி) ஓரத்தில் பிறை மாதிரி ஒரு நசுக்கு உண்டு, முட்டத்தில் ஒரு கல்யாணத்தில் கீழே விழுந்தது. இதில் அது இல்லை. டிரம்பெட்டில் செருகினால் லேசாக ஆடியது.

தெரிந்த லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாக் மவுத்பீஸில் சாதாரணமாக நடு ஓட்டை 3.66 மி.மீ. இருக்கும். 4 மி.மீ. டிரில் பிட்டின் பின்பக்கம் உள்ளே போகக்கூடாது. இதில் தாராளமாகப் போய் வந்தது. பட்டறைக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, “உள்ள பிசிறுகூட எடுக்கலியே” என்று தன் தொழில் வருத்தத்தைச் சொன்னார். ஓட்டை பெரிதானால் காற்று அதிகம் தின்னும், உதடு சீக்கிரம் தளரும். தேர்ப்பவனியில் பாதிக் காற்று வால்வில் போனது, மீதி இதில்.

கடைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை, அதற்கான அவசியமே அவருக்கு இல்லை. ரசீது இல்லை, போட்டோ இல்லை. “நீ கொண்டுவந்தது இதுதான் தம்பி” என்றார். நான் விடாமல் நிற்கவே, மேஜையைத் திறந்து வேறொன்றை எடுத்தார். “சரி, போட்டும். இது 7சி. மூணைவிட ஏழு பெரிசு இல்லியா? ரேட்டும் கூட. எடுத்துக்கோ.”

பாக் கணக்கில் எண் கூடினால் வாய் சிறுத்துக்கொண்டே போகும். 1½சி 17 மி.மீ., 3சி 16.30, 7சி 16.20. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து கிண்ணத்தின் ஆழம். ஏ ஆழமானது, சி நடுத்தரம், ஈ மேலோட்டம். யமஹாவில் தலைகீழ், எண் கூடினால் அகலமும் கூடும். இதைத் தெரியாமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னாரா என்று இன்னும் புரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பஃபிங்கும் நிற்கவில்லை. லாக்கரையும் சேர்த்து உரித்திருக்கிறார், பெல்லில் யமஹா எழுத்து அழிந்த காசு மாதிரி மங்கிவிட்டது. எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கம், உப்புக் காற்று. கிறிஸ்துமஸுக்குள் பித்தளை கறுத்துப் புள்ளி விழுந்துவிட்டது.

இப்போது செய்வது: கருவியைக் கொடுக்கும் முன்னால் மூன்று ஸ்லைடிலும் ‘டப்’ கேட்கிறதா என்று பார்த்து, போனில் வீடியோ எடுத்துக்கொள்கிறேன். பிஸ்டன்களையும் எண் தெரியப் போட்டோ எடுக்கிறேன். மவுத்பீஸ் சட்டைப் பையில் என்னோடு வீட்டுக்கு வரும், வால்வு வேலைக்கு மவுத்பீஸ் எதற்கு? திரைக்குப் பின்னால் கொண்டுபோகிற கடை என்றால் கொடுப்பதில்லை. அக்கா மகனுக்குத் தனியாக ஒரு பாட்டில் வால்வு ஆயில்.

கெட்டியான வால்வு ஆயில் போட்டால் கசிவு கொஞ்சம் அடங்குகிறது. பழைய 11பி4-ஐ எடுத்து மாட்டியிருக்கிறேன். இரண்டாம் டிரம்பெட் பையனுக்கும் எனக்கும் இடம் மாறிவிட்டது, மேல் ஜி எல்லாம் அவன் பாடு.

ஷாங்கின் ஓரத்தில் பிறை மாதிரி நசுக்கோடு ஒரு பாக் 3சி யாராவது உங்களிடம் விற்க வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுத்து நானே வாங்கிக்கொள்கிறேன்.