ஸ்டூடியோ வீட்டில் பதின்மூன்று ஆண்டுகள்

வயதான காலத்தில் தனியாக இருக்க எந்த வீடு ஏற்றது என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நானும் என் கணவரும் 2012-இல் சிங்கப்பூரின் ஈசூனில் இருந்த நான்கறை வீட்டை விற்றுவிட்டு, மூத்தோருக்கான ஸ்டூடியோ வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். அவர் மறைந்த பிறகும் நான் இங்கேயேதான் இருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

அரசு வீடுகளைக் கட்டி விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1998-இல் தொடங்கிய திட்டம் இது. 55 வயது நிறைந்தவர்களுக்கு 35 அல்லது 45 சதுர மீட்டர் பரப்பில், 30 ஆண்டுக் குத்தகைக்கு வீடு தந்தார்கள். வெளிச்சந்தையில் விற்க முடியாது. வேண்டாம் என்றால் கழகத்திடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 2015-இல் இத்திட்டம், மூத்தோர் குத்தகைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஈரறை ஃபிளெக்சி வீடுகளோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இன்று விண்ணப்பிப்பவர்கள் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். பிள்ளைகளுக்கு வீடு மிஞ்சாதே என்று எங்கள் உறவினர் சிலர் அப்போது வருத்தப்பட்டார்கள். பழைய வீட்டை விற்றதில் மீந்த பணம்தான் கணவரின் மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கைநீட்டாமல் எங்களைக் காப்பாற்றியது என்பதால், எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

வீட்டின் அமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. குளியலறைத் தரை வழுக்குவதில்லை, கைப்பிடிக் கம்பிகள் உறுதியாக இருக்கின்றன, என் கணவர் சக்கர நாற்காலிக்கு வந்த கடைசி ஆண்டிலும் வாசல் எங்களுக்கு இடைஞ்சலாக இல்லை. சமையலறைதான் சிறியது. மாவரைக்கும் கிரைண்டரை மருமகளிடம் கொடுத்துவிட்டு, தேக்கா சந்தையில் மாவு வாங்கப் பழகிக்கொண்டேன். சாமி அலமாரிக்கும் கட்டிலுக்கும் நான்கடி தூரம் என்பதால் சாம்பிராணி போட்டால் தலையணை வரை மணக்கும்; அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

அவசர உதவிக் கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படுக்கை அருகிலும் குளியலறையிலும் ஒவ்வொரு கயிறு தொங்கும். இழுத்தால் வாசலுக்கு வெளியே மணி ஒலிக்கும். குளிக்கும்போது ஈரமாகி அழுக்கேறுகிறதே என்று, குளியலறைக் கயிற்றைச் சுருட்டித் துண்டு போடும் கம்பியில் முடிந்து வைத்திருந்தேன். இந்த புளோக்கில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருந்தது. 2021-இல் ஒரு நாள் விடியற்காலையில் தலைசுற்றி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. தரையில் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தால் கயிறு என் கைக்கு மூன்றடி உயரத்தில் இருந்தது. நான் கிடந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். எதிர்வீட்டுச் சீன அக்கா, தினமும் ஏழு மணிக்கு என் வாசலில் நின்று "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேட்பவர், கதவு திறக்காததைக் கண்டு, நான் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது சிறுவயதில் கம்போங் கிராமத்தில் கற்ற அந்தக் கொஞ்சம் மலாய்தான். அவர் ஒரு கையால் என் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இழுத்தது இப்போதும் கண்முன் நிற்கிறது.

கீழ்த்தளத்தில் உள்ள மூத்தோர் நிலையத்தில் அன்பான ஊழியர்கள் இருக்கிறார்கள், உடற்பயிற்சி வகுப்பும் நன்றாக நடக்கிறது. ஆனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் நடப்பதால், ஆங்கிலம் பேச வராத தமிழ்ப் பாட்டி ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிட்டார். வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரிந்த தொண்டூழியர் வர வேண்டும் என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன், இன்னும் ஏற்பாடாகவில்லை. ஞாபகம் மங்கத் தொடங்கும் வயதில் மனிதர்கள் தாய்மொழிக்கே திரும்புகிறார்கள் என்பதை என் கணவரிடம் கண்கூடாகக் கண்டவள் என்பதால், இதைச் சிறிய குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

புதிதாகத் தேடுபவர்கள் சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் திட்டம் 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. வயது 65 ஆகியிருக்க வேண்டும். வீடு 32 சதுர மீட்டர்தான், எங்களுடையதைவிடவும் சிறியது. குத்தகையை 15 முதல் 35 ஆண்டு வரை தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அது 95 வயது வரையாவது நீடிக்க வேண்டும். வீட்டோடு அடிப்படைப் பராமரிப்புச் சேவைக்கும் கட்டாயம் பணம் கட்ட வேண்டும் என்பது சிலருக்குச் சுமையாகத் தோன்றலாம். 24 மணி நேர அவசர உதவியும், அங்கேயே பணியாற்றும் சமூக மேலாளரும், மாடிதோறும் கூடி உண்ணப் பொது இடமும் அதற்காகத்தான் என்பதால், தனியாக இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும் என்பேன். நல்ல உடல்நலத்தோடு தம்பதியாக இருப்பவர்களுக்கும், பேரப்பிள்ளைகள் வாரந்தோறும் வந்து தங்கும் குடும்பத்துக்கும் ஈரறை ஃபிளெக்சியே வசதி.

எந்த வீடானாலும், சாவி வாங்கிய அன்றே குளியலறைத் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தும் பாருங்கள். அவசர அழைப்புக் கயிறோ பொத்தானோ அங்கிருந்து கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் குடிபுகும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். என் வீட்டுக் கயிற்றின் நுனியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் வளையம் கட்டியிருக்கிறேன். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது, வாரம் ஒரு முறை சோப்பு போட்டுக் கழுவிவிடுகிறேன்.