‘ஐ7 மினி பிசி செட்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு மினி பிசி செட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். செட் என்றால் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு கம்ப்யூட்டர், வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ், யூஎஸ்பி ஹப், எச்டிஎம்ஐ கேபிள், மானிட்டரின் முதுகில் மாட்டுவதற்கான தகடு, அப்புறம் ஒரு அடாப்டர். விற்றவர் ஆன்லைனில் கடை போட்டிருப்பவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கு வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு படங்களோடு உலவுகிறது. ஒரு பெயரை ஒதுக்கினால் இன்னொரு பெயரில் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அதனால் ஆளை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பிராசசர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘இன்டெல் கோர் ஐ7’ என்று இருந்தது. எந்தத் தலைமுறை, என்ன மாடல் என்று எங்கும் இல்லை. வாங்குவதற்கு முன் கேட்டதற்கு ‘லேட்டஸ்ட் மாடல் சார், ஹெவி பெர்ஃபார்மன்ஸ்’ என்று பதில் வந்தது. பெட்டியைப் பிரித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஐ7-5557யூ. 2015 தொடக்கத்தில் வந்த ஐந்தாம் தலைமுறைச் சிப் அது. கோர்கள், அதாவது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், இரண்டே இரண்டு. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 மலிவு மினி பிசிகளில் போடுகிற சாதாரணச் சிப்தான். ஆனாலும் அதில் நான்கு கோர்கள், மின் தேவை 6 வாட் என்ற அளவில். என்னிடம் வந்ததற்கு 28 வாட். அன்றாட வேலைகளில் அந்தச் சாதாரணச் சிப் இந்த ‘ஹெவி பெர்ஃபார்மன்ஸை’ முந்திவிடும்.

இதில் கவனியுங்கள், பிராசசரைப் பொறுத்தவரை விளம்பரத்தில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடத் தனியாகப் பிடிக்க முடியாது. ஐ7 என்றார்கள், ஐ7தான் வந்தது. இந்தப் பழைய வரிசையில் மாடல் எண் நான்கு இலக்கமாக இருந்து 2 முதல் 9 வரை எதிலாவது தொடங்கினால் அந்த முதல் இலக்கமே தலைமுறை. முழு எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். விற்பவருக்கு அந்த எண் தெரியாமல் இருக்காது.

அடுத்தது ‘ஒரிஜினல் விண்டோஸ் 11’. மைக்ரோசாஃப்ட்டின் விதிப்படி விண்டோஸ் 11 நிறுவ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இந்தப் பெட்டியில் அந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து நிறுவியிருக்கிறார்கள். ஏன் இந்தச் சிரமம் என்றால், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய இயந்திரத்தை விண்டோஸ் 10 என்று சொல்லி விற்றால் இனி வாங்க ஆள் கிடைக்காது. சரி, நிறுவினார்கள், லைசென்ஸாவது உண்டா? செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எந்த நிறுவனம்? நான் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய அலுவலகங்கள் தங்கள் சர்வர் வழியாகப் பல இயந்திரங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் முறை அது. ஒவ்வொரு இயந்திரமும் 180 நாளுக்குள் அந்தச் சர்வரோடு மறுபடி பேச வேண்டும். தனியாள் வாங்கிய பெட்டியில் அந்த வரி இருந்தால் லைசென்ஸ் உங்களுடையது இல்லை. இது எல்லோரும் அரை நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம், பெட்டி வந்த அன்றே பாருங்கள்.

கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ‘அதிவேக எம்.2’ என்றார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. உள்ளே இருந்தது சாட்டா என்ற பழைய, மெதுவான வகை. நொடிக்கு 550 எம்பிக்கு மேல் போகாது. என்விஎம்இ என்ற வேகமான வகையில், பிசிஐஇ 3.0 என்ற பழைய இணைப்பு என்றாலே 3,500 வரை போகும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், ‘புத்தம் புதிய’ இந்த டிஸ்க் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருப்பது தெரிந்தது. வேறு எங்கோ உழைத்து ஓய்வுபெற்றது என் வீட்டில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உண்மையான கழுத்தறுப்பு அடாப்டரில் இருந்தது.

பிரவுசரும் ஆவணங்களும் திறந்திருக்கும்வரை பெட்டி ஒழுங்காக ஓடும். வீடியோ ஒன்றை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றும்போதோ, யூஎஸ்பி ஹார்டு டிஸ்கைச் செருகிப் பெரிய ஃபோல்டரை நகலெடுக்கும்போதோ, பட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை. ஃபேன் சத்தம் சட்டென்று நின்று அறையே அமைதியாகும், அவ்வளவுதான். மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு பதிவு மட்டும் இருக்கும். முறையாக மூடப்படாமல் இயந்திரம் மறுபடி தொடங்கியது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதையும் சொல்வதில்லை. ஆனால் விற்பனையாளரின் சப்போர்ட்டுக்கு அதைப் படம்பிடித்து அனுப்பியதும் அவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ‘சார், இது விண்டோஸ் எரர். ரீஇன்ஸ்டால் பண்ணுங்க.’

செய்தேன். அணைந்தது. ‘பயாஸ் ரீசெட் பண்ணுங்க சார்.’ செய்தேன். அணைந்தது. ‘உங்க மானிட்டர்ல பிரச்சினை இருக்கும் சார், வேற மானிட்டர்ல போட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க.’ மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்று தெரிந்தும் அதையும் செய்து அனுப்பினேன். பிறகு, வீட்டு மின்சாரம் ஏறி இறங்கும், யூபிஎஸ் வாங்குங்கள் என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் ஓரிரு நாள் இடைவெளி. குரலில் மட்டும் மரியாதை குறையவே இல்லை. திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்த மறுநாள் அவர்கள் பேச்சின் தொனியே மாறியது: ‘இனி சர்வீஸ் மட்டும்தான் சார், ரீஃபண்ட் கிடையாது.’

அப்போதுதான் கம்ப்யூட்டரின் அடிப்பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். சீரியல் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘உள்ளீடு 19 வோல்ட், 3.42 ஆம்பியர்’ என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 65 வாட். அடாப்டரை எடுத்தால், ‘தரச் சோதனை முடிந்தது’ என்ற பச்சை ஸ்டிக்கர், வேறு எங்கும் இல்லாமல், சரியாக ‘அவுட்புட்’ வரியின் மேல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். 19 வோல்ட், 2.1 ஆம்பியர். அதாவது 40 வாட்.

65 வாட் வரை கேட்கக்கூடிய பெட்டிக்கு 40 வாட் அடாப்டர். சிப்புக்கே முழுப் பாரத்தில் 28 வாட்டும் அதற்கு மேலும் வேண்டும். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் அதே அடாப்டரை நம்பித்தான் இருக்கின்றன. யூஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், அதாவது நாலரை வாட் கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 40 எங்கே போதும்? தாங்காத அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை அறுத்துவிடுகிறது. விண்டோஸுக்கோ மானிட்டருக்கோ இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழைய லேப்டாப் ஒன்றின் அடாப்டர் என்னிடம் இருந்தது. 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதே 5.5 மில்லிமீட்டர் பின், நடுவில் பாசிட்டிவ். செருகினேன். அதன்பிறகு பெட்டி அணையவே இல்லை. அதே வீடியோ, அதே ஹார்டு டிஸ்க்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பின் பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். மினி பிசிகளில் 12 வோல்ட்டில் ஓடுபவை ஏராளம், அவற்றிலும் இதே போன்ற பின்தான். 12 வோல்ட் பெட்டிக்கு 19 வோல்ட் கொடுத்தால் போர்டு போய்விடலாம். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், பின்னின் பாசிட்டிவ் நெகட்டிவ் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர், கம்ப்யூட்டரின் லேபிளில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும் என்பதால் கூடுதல் ஆம்பியரால் கெடுதல் இல்லை.

இந்த விவரத்தை இரண்டு லேபிள் படங்களோடு அனுப்பியபோது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘அடாப்டர் ஆக்சஸரி சார். ஆக்சஸரிக்கு வாரண்டி கிடையாது.’ அதோடு விடவில்லை. ‘நீங்க வேற கம்பெனி அடாப்டர் போட்டு ஓட்டிட்டீங்க, அதனால மெயின் யூனிட் வாரண்டியும் கேன்சல்.’ அவர்கள் கொடுத்த அடாப்டரில் ஓடினால் அணைகிறது, சரியான அடாப்டரில் ஓட்டினால் வாரண்டி போகிறது. காதில் பூச்சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

பில்லை எடுத்துப் பார்த்தால் அதிலும் வேலையைக் காட்டியிருந்தார்கள். ‘மினி கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒரே வரி. மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை, அடாப்டர் எத்தனை வாட் என்பது இல்லை. சர்வீஸுக்கு அனுப்பி வேறு பெட்டி திரும்பி வந்தாலும் அது என்னுடையது இல்லை என்று நிரூபிக்க வழி இல்லாத பில். அதனால் இன்றுவரை நான் சர்வீஸுக்கு அனுப்பவில்லை. அனுப்பியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ரேம், எஸ்எஸ்டி இரண்டின் சீரியல் எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது. ‘அடிக்கடி அணைந்துவிடுகிறது’ என்று எழுதிய புகார்களை எல்லாம் தளம் விற்பனையாளரின் சர்வீஸுக்கே திருப்பிவிட்டது. பழைய வட்டம்தான். ‘விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை’ என்ற பிரிவில், கம்ப்யூட்டரின் லேபிளையும் அடாப்டரின் லேபிளையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடவே ஆக்டிவேஷன் பக்கத்தையும் டிஸ்க் ஓடிய மணி நேரத்தையும் இணைத்து, நான்கு வரியில் எழுதிய புகாரைத்தான் ஒரு மனிதர் படித்தார். நீளமாக ஆதங்கத்தைக் கொட்டியதெல்லாம் வீண். கெடு முடிந்துவிட்டது என்ற சாக்கும் அங்கே அவ்வளவாக எடுபடவில்லை, காரணம் கெடுவுக்குள் தொடங்கிய சாட் முழுவதும் தளத்துக்குள்ளேயே இருந்தது. ‘வாட்ஸ்அப்ல வாங்க சார், சீக்கிரம் முடிச்சுடலாம்’ என்று அவர்கள் பலமுறை அழைத்தார்கள். போகாதீர்கள். பகுதித் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழுத் தொகைதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், இழுபறியில் இருக்கிறது.

செட்டில் வந்த மற்றவை பற்றி ஒரு வார்த்தை. ‘4கே சப்போர்ட்’ என்பதும் அரை உண்மைதான். இந்தத் தலைமுறையின் எச்டிஎம்ஐ 1.4 வகை, 4கேயில் நொடிக்கு 30 பிரேம்தான் தரும். மவுஸ் பாயிண்டர் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்தாலே தெரியும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் தேவை, இதில் இரண்டும் இல்லை.

வயர்லெஸ் கீபோர்டு எழுத்துகளை விழுங்கியதற்கு மட்டும் விற்றவர்மேல் பழி போட மாட்டேன். யூஎஸ்பி 3 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல்லே 2012இல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. மினி பிசியில் துளைகள் நெருக்கமாக இருப்பதால் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே கீபோர்டின் சிக்னலை வாங்கும் குட்டி யூஎஸ்பி டாங்கிள் உட்கார்ந்துவிடுகிறது. சின்ன யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. மானிட்டர் முதுகில் மாட்டும் தகடு நன்றாகவே இருக்கிறது, நேர்மையாகச் சொல்ல வேண்டுமல்லவா.

இந்தச் செட் இப்போது புதுப் படங்களோடு வேறு தலைப்பில் விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் அடாப்டர் குப்புறக் கிடக்கிறது, லேபிள் தெரியவில்லை. அறிமுகமில்லாத வாடிக்கையாளராக, வேறு கணக்கிலிருந்து, அடாப்டர் எத்தனை வாட் என்று கேட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது: ‘ஸ்டாண்டர்ட் அடாப்டர் சார், எல்லாத்துக்கும் செட் ஆகும்.’